களனிப் பாலத்தோடு நின்ற பயணம்

கொழும்பில், வெள்ளவத்தையில் நான் படித்த பள்ளிக்கூடத்தின் விஞ்ஞானக் கழகம் ஒருமுறை களனியிலுள்ள பல்கலைக்கழகத்துக்குப் போனது. அங்கே ஒரு விரிவுரையாளருக்கு எங்கள் செய்முறை ஒன்றைக் காட்ட வேண்டும். அதற்குக் கழகத்துக்குப் பொறுப்பான ரீச்சர் என்னைத் தெரிவுசெய்தார். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. வகுப்பில் வாய் திறக்காத என்னை ஒருவர் தெரிவுசெய்தது அதுதான் முதல் தடவை.

உப்புத் தண்ணீருக்குள் மின்சாரம் விட்டுக் குமிழி வரச்செய்வதுதான் அது. பழைய ரோச் லைற் பற்றரியை உடைத்து உள்ளேயிருக்கும் கரிக்கோலை எடுக்க வேண்டும். யுத்தத்தால் ஊரில் பற்றரிக்குத் தடை. முடிந்த பற்றரியையும் வெயிலில் காயவைத்துப் பாவித்த சனம் நாங்கள். எனக்கு அது பழகிய வேலை. பற்றரிகள், வயர், கரிக்கோல்கள், ஒரு போத்தல் எல்லாவற்றையும் ஷொப்பிங் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இருந்தேன். கொழும்பில் அது வேறு பொருளாகத் தெரியும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

களனிப் பாலத்துக்கு முன்னால் எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். ஆமிக்காரன் என் பையைத் திறந்தான்.

"மே மொனவத?"

இவை என்ன என்று கேட்கிறான். எனக்குப் பதில் சொல்லச் சிங்களம் தெரியாது. ரீச்சரைப் பார்த்தேன். அவர் சிங்களம் சரளமாகக் கதைப்பார். பள்ளிக்கூடச் சாமான் என்று ஒரு வசனம் போதும்.

அவர் சொன்னதில் யாழ்ப்பாணத்தைக் குறிக்கும் 'யாப்பனய' என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. மிச்சத்தைப் பிறகு ஒரு சிநேகிதி சொன்னாள்: "பள்ளிக்கூடத்துச் சாமான் இல்லையெண்டவ. நீ யாழ்ப்பாணத்தால புதுசா வந்தனியாம், உன்னைப் பற்றித் தனக்கு ஒண்டும் தெரியாதாம்."

ஆமிக்காரன் என்னை ஒரு பக்கமாக நிறுத்தினான். ரீச்சர் என்னிடம் வந்தார். "பிள்ளை, நீர் இதில இரும். அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்துச் சொல்லுறன். அங்க விரிவுரையாளர் சேர் பாத்துக்கொண்டிருப்பார், நேரம் போட்டுது."

பஸ் பாலத்தில் ஏறிப் போனது.

பின்னேரம் அம்மா, எங்கள் வீட்டுக்காரச் சிங்கள ஐயாவைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் கதைத்துத்தான் என்னை விட்டார்கள்.

"ஆரடி உனக்கு இதைக் காவிக்கொண்டு போகச் சொன்னது?" அம்மா கேட்டார்.

"ரீச்சர்தான்."

"அப்ப அவ எங்க?"

"பாலத்துக்கு அங்கால போட்டா."

ரீச்சர் பயந்துவிட்டார், தெரியும். நானும் பயந்துதான் நின்றேன்.

அடுத்த வாரம் ரீச்சர் கூப்பிட்டார். அந்த நாளைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று போனேன்.

"பள்ளிக்கூடக் கண்காட்சிக்கும் அந்தச் செய்முறை வேணும். செய்யிற விதத்தை உமக்குப் பக்கத்தில இருக்கிற பிள்ளைக்குச் சொல்லிக் குடும். இனி வெளிய போறதெண்டா அவ கொண்டு வரட்டும். அவ கொழும்புப் பிள்ளைதானே."

"ஓம் ரீச்சர்."

சொல்லிக் கொடுத்தேன். அவளுக்குக் குமிழி ஒழுங்காக வந்ததும் கழகத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். ஏன் வருவதில்லை என்று ரீச்சர் கேட்கவில்லை.