எல்லா ஓடும் ஓடுதான்

விலங்கியல் துறையில் அவளை எல்லோரும் நத்தையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்து நான்காவது ஆண்டு. அந்தப் பெயரில் இருந்த கிண்டல் தேய்ந்து, வெறும் பெயராகிவிட்டிருந்தது. அவளுடைய ஆய்வுக்கூடம் எனப்பட்டது, கட்டடத்தின் அடித்தளத்தில் லிஃப்ட் மோட்டாருக்குப் பக்கத்தில் இருந்த பழைய சாமான் அறை. உடைந்த நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு நடுவில் கண்ணாடித் தொட்டிகளை வைத்திருந்தாள். மேலே ஈரத்துணி. யாராவது மாடிக்குப் போனால் தொட்டிகள் ஒருமுறை நடுங்கி அடங்கும்.

நத்தையின் ஓட்டில் விரிசல் விழுந்தால், அது தன் உடம்பிலிருந்தே சுண்ணாம்பைச் சுரந்து உள்பக்கமாகப் பூசி அடைத்துக்கொள்ளும். எங்கே தொடங்குகிறது, எப்போது போதும் என்று நிறுத்துகிறது என்பதுதான் அவள் கேள்வி. அந்தப் 'போதும்' அவளைப் பிடித்து வைத்திருந்தது. போதும் என்பதை அறிந்தவர்கள் மனிதர்களிலேயே அரிது. ஒரு நத்தைக்கு அது தெரிகிறதென்றால் உட்கார்ந்து பார்க்க வேண்டிய விஷயம்தான். பல்கலைக்கழகம் அப்படி நினைக்கவில்லை.

ஆய்வு உதவித்தொகைக்கு இரண்டு முறை விண்ணப்பித்தாள். இரண்டு முறையும் கைவிரித்துவிட்டார்கள். தேர்வுக்குழுவினர் தலைப்பையும் 'பயன்' என்ற பத்தியையும் தாண்டிப் படிப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். குழுவின் தலைவர் ஒரு பொறியியல் பேராசிரியர். யார் வாயைத் திறந்தாலும் "சுருக்கமா சொல்லுங்க" என்பார். அதனால் அவர் பெயரே சுருக்கமா சார். நத்தை என்ற சொல்லைப் பார்த்ததும் அவர் சிரித்தாராம். அவர் சிரித்ததும் மற்றவர்களும் சிரித்தார்களாம். படித்தவர்கள் கூடி ஒன்றை நிராகரிக்க அதற்குமேல் காரணம் தேவைப்படவில்லை.

இந்த ஆண்டும் கிடைக்காவிட்டால் அவள் பதிவு ரத்தாகிவிடும். இதுவரை கட்டணம் கட்டியது அண்ணன். மோட்டார் பம்ப் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். இப்போது வீட்டில் இரட்டைக் குழந்தைகள். காய்கறிக் கடையில் கழித்துப்போட்ட முட்டைக்கோஸ் இலைகளை நத்தைகளுக்காகப் பையில் கொண்டுவந்து கொடுத்தபடியே சொன்னான்.

"உன்னை நிறுத்துன்னு சொல்லலை. டியூஷன் சென்டர்ல ஆள் கேக்கறாங்க, ஒரு வார்த்தை சொல்லி வச்சிருக்கேன். நத்தை எங்கேயும் ஓடிடப் போறதில்லை."

மூன்றாம் விண்ணப்பத்தைத் தன் நெறியாளரிடம் காட்டினாள். ஓய்வுபெறும் நாளைத் தவிர வேறெதையும் ஆவலோடு எதிர்பார்க்காத மனிதர். சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"நத்தையை எடுத்துடும்மா."

"நத்தையை எடுத்தா மிச்சம் என்ன சார் இருக்கு?"

"ஓடு இருக்கு, விரிசல் இருக்கு. போதாதா? முதல்ல அவங்க சிரிக்காம பாத்துக்கோ. மத்தது தானா நடக்கும்."

தலைப்பிலிருந்தும் 'பயன்' பத்தியிலிருந்தும் மட்டும் நத்தை வெளியேறியது. தலைப்பு 'ஓடுகளில் விழும் விரிசலும் அது தானாக அடைபடும் விதமும்' என்றாயிற்று. மத்தது தானாக நடந்தது. அறிவிப்புப் பலகையில், துணைவேந்தரின் கையெழுத்துக்கு மேலே, அவள் பெயர் முதலாவதாக இருந்தது.

மறுவாரம் குழுவினர் அவளை மரியாதைக்காக அழைத்தார்கள். நீள மேசை, குளிர்ந்த அறை. சுருக்கமா சார் எழுந்தே நின்றார்.

"பிரமாதமான வேலைம்மா. எங்க வீட்லயே நாலு இடத்துல ஒழுகுது. எப்ப கைக்குக் கிடைக்கும்?"

அவளுக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்த பொருளாதாரப் பேராசிரியர் குனிந்து கேட்டார்: "சுட்ட ஓடா, சிமெண்ட் ஓடா?"

அப்போது புரிந்தது. சுட்ட ஓடு என்று சொன்னால் போதும்; பதிவு தப்பும், தொட்டிகள் இருந்த இடத்திலேயே இருக்கும், டியூஷன் சென்டருக்குப் போக வேண்டாம். சொல்ல வாய் வரவில்லை. உண்மையின்மேல் கொண்ட பற்று என்று அதைப் பெரிதாக்க வேண்டாம். நான்கு ஆண்டுகள் கண் வலிக்கப் பார்த்த ஒன்றை இவர்கள் செங்கல்லுக்குத் தம்பியாக்கியது பொறுக்கவில்லை, அவ்வளவே.

"நத்தை ஓடு சார்."

"நத்தையா? அது எந்தக் கம்பெனி?"

"கம்பெனி இல்லை சார். நத்தை. அதோட முதுகுல இருக்குமே, அந்த ஓடு."

காகிதங்கள் புரண்டன. விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தை அந்த அறை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தது. நத்தை அதில் வரிக்கு வரி இருந்தது.

"எனக்கு அப்பவே சந்தேகம்தான்" என்றார் பொருளாதாரம்.

"அப்பவே சொல்றதுதானே?"

"சுருக்கமா சொல்லச் சொல்வீங்க. விட்டுட்டேன்."

உதவித்தொகையை ரத்து செய்யலாம். ஆனால் படிக்காமல் கொடுத்தோம் என்று துணைவேந்தருக்கு எழுத வேண்டிவரும். ஒருவரும் பேனாவைத் தொடவில்லை. அவர்களுக்கு நத்தையைவிட வேகமாக ஓட்டுக்குள் போகத் தெரிந்திருந்தது.

சுருக்கமா சார் தொண்டையைச் செருமினார். "எல்லா ஓடும் ஓடுதானே. வெயில், மழை, பாதுகாப்பு. தத்துவம் ஒண்ணுதான்."

தத்துவம் என்ற சொல் இதுவரை பட்ட பாடுகளோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

"ஆண்டு அறிக்கையோட கடைசி அத்தியாயத்துல கூரை ஓட்டையும் கொஞ்சம் சேத்துக்கம்மா" என்றார்.

"சேத்துக்கறேன் சார். தலைப்புல நத்தையைத் திரும்பப் போட்டுக்கலாமா?"

"அது மட்டும் வேணாம்."

சாயங்காலம் அண்ணன் கடையில் கதையைச் சொன்னாள். அவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"அப்ப வீடு ஒழுகினா நாலு நத்தையைப் பிடிச்சு மேல ஏத்திவிட்டா போதும்னு சொல்லு."

"கிட்டத்தட்ட அப்படித்தான் பேசி முடிச்சிருக்கோம்."

"டியூஷன்காரன்கிட்ட என்ன சொல்ல?"

"வரலைன்னு சொல்லிடுண்ணா."

கட்டடத்தின் பின்னால் கிடந்த விரிசல் விட்ட கூரை ஓடு ஒன்றை எடுத்துவந்து ஒரு தொட்டியில் வைத்தாள். நத்தை அதன்மேல் ஏறியது, கொம்பை நீட்டிச் சுற்றிப் பார்த்தது, இறங்கிப் போய்விட்டது. வாக்குக் கொடுத்தபடி அவள் கடைசி அத்தியாயத்தை எழுதினாள். அதில் ஒரே ஒரு வாக்கியம்: 'கூரை ஓட்டில் விரிசல் தானாக அடைபடவில்லை.'

ஆண்டு முடிவில் அறிக்கை குழுவிலிருந்து திரும்பி வந்தது. நத்தையைப் பற்றிய பக்கங்களில் மடித்த தடமோ விரல் தடமோ இல்லை. கடைசி அத்தியாயத்தின் ஓரத்தில் மட்டும் தலைவர் தம் கைப்பட எழுதியிருந்தார்: 'சுருக்கமாக உள்ளது. மிகச் சிறப்பு.'