குசினிக் காரும் துக்க வீட்டு விறகும்

பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடு முழுவதும் வரிசையில் நின்ற அந்த ஆண்டு, சித்திரை மாதத்தின் கடைசி நாட்களில், கிளிநொச்சி மாவட்டத்து ஸ்கந்தபுரத்தில் இது நடந்தது. எங்கள் மகள் தலைப்பிரசவத்துக்காக எங்களோடு வந்திருந்தாள். எட்டாம் மாதம். மருமகன் தன் மோட்டார் சைக்கிளோடு கிளிநொச்சியில் பெற்றோல் வரிசையில் நின்றார். முதல் நாள் போனவர் இன்னும் திரும்பவில்லை.

என் கணவர் கமக்காரர்; வயல்தான் தொழில். இயந்திரம் ஏதாவது கையில் அகப்பட்டுவிட்டால் சாப்பாட்டை மறந்துவிடுவார். வயலுக்கு நீர் இறைக்க எண்ணெய் கிடைக்காமல் போனபோது, விறகிலிருந்து வாயு எடுத்து எஞ்சினை ஓட்டும் முறையை யூடியூப்பில் பார்த்து, பழைய இரும்புப் பீப்பாய்கள் இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து ஓர் அடுப்பைச் செய்தார். காற்றைக் குறைத்து விறகைத் தணலாக்கினால் எரியக்கூடிய வாயு வரும். அதைக் குழாயில் குளிரவைத்து, தென்னந்தும்பு நிறைத்த தகரத்தில் வடிகட்டி எஞ்சினுக்குள் விடவேண்டும். நீர் இறைக்கும் இயந்திரம் ஓடியது. உடனே ஆசை வளர்ந்துவிட்டது. எங்களுடைய பழைய காரின் டிக்கி மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் இன்னும் பெரிய பீப்பாயைப் பூட்டினார்.

சமையலறையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடுகிறது என்று சொல்லி, ஊர் அதற்குக் 'குசினிக் கார்' என்று பெயர் வைத்தது. அவர் வாசலில் அடுப்பு மூட்டும்போது தெருவால் போகிறவர்கள் நின்று கேட்பார்கள்.

"அண்ணை, இண்டைக்குக் காரிலை என்ன கறி?"

"புட்டு அவியுது தம்பி. வெந்தாத்தான் கார் ஓடும்."

நான் அந்தக் காரில் ஏறுவதில்லை. கடைக்கும் கோயிலுக்கும் நடந்தே போனேன்.

அன்று காலை நான் சம்பல் இடித்துக்கொண்டிருந்தபோது மகள் வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, பிள்ளை அசையேல்லை."

"எப்ப இருந்து?"

"விடியவிலேயிருந்து. சீனித் தண்ணி குடிச்சுப்போட்டுச் சரிஞ்சும் படுத்துப் பார்த்தனான். அப்பிடியே கிடக்கு."

அவள் அழவில்லை. உலக்கையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். மருத்துவமாதுவுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரு நிமிடமும் வீட்டில் வைத்திருக்க வேண்டாம், கிளிநொச்சிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். அம்புலன்ஸ் வேறொரு நோயாளியோடு யாழ்ப்பாணம் போயிருந்தது. பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஒரு சொட்டு எண்ணெயும் இல்லை. நான் திரும்பிப் பார்த்தபோது என் கணவர் ஏற்கெனவே பீப்பாய்க்குள் சிரட்டைகளைப் போட்டுக்கொண்டிருந்தார்.

எங்களுக்கு இருந்த அவசரம் தணலுக்கு இருக்கவில்லை. அவர் கையால் சுற்றும் காற்றூதியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். குழாயின் வாயிலிருந்து முதலில் வெள்ளைப் புகை வந்தது. நெருப்புக்குச்சியைக் காட்டினார், அணைந்தது. இன்னொன்று, அதுவும் அணைந்தது. பிறகு ஒரு குச்சிக்கு நீலமாய் ஒரு சுவாலை எழுந்து நிலைத்து நின்றது. கார் இருமி, மறுத்து, பிறகு உறுமத் தொடங்கியது.

மகளைப் பின் ஆசனத்தில் சரித்துப் படுக்கவைத்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். அவள் காலை நீட்டுவதற்காக விறகுத் துண்டுகள் நிறைந்த சாக்கைக் காரின் கூரையில் கட்டினோம். வழமையாக அது பின் ஆசனத்தில் பயணம் செய்யும்.

"கண்ணாடிகளைத் திறந்தே விடும். ஏத்திப்போடாதையும்," என்றார் அவர். "இந்த வாயுவுக்கு மணம் தெரியாது. ஆளை அப்பிடியே நித்திரையாக்கிப்போடும்."

கார் சைக்கிளைவிடச் சற்று வேகமாகப் போனது. என் கையை மகளின் வயிற்றின் மேல் வைத்திருந்தேன். பள்ளத்தில் கார் குலுங்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ அசைந்ததுபோல் தோன்றும். வீதி சமமானதும் அது கார்தான் என்று தெரியும்.

பாதி வழியில் சிறுமாரி பிடித்துக்கொண்டது. சித்திரையில் அப்படி ஒரு மழை வருவதுண்டு. பத்து வீட்டுக்கு அப்பால் வெயில் எறிக்கும். திறந்த கண்ணாடிகளால் சாரல் அடித்தது. நான் சேலைத் தலைப்பால் மகளின் முகத்தை மூடினேன். எங்கள் இருவருக்குமே கூரையில் கிடந்த சாக்கின் நினைவு வரவில்லை. மழை விட்டபின் கணவர் காரை நிறுத்தி, அடுப்புக்கு விறகு போட்டபோதுதான் தெரிந்தது, துண்டுகள் தண்ணீரில் ஊறிப்போயிருந்தன. கொஞ்சத் தூரம் போனதும் எஞ்சின் மூச்சு வாங்கி நின்றது. பீப்பாயிலிருந்து நீராவிதான் வந்தது.

வீதியோரத்தில் ஒரு வீடு இருந்தது. வேலி வாசலில், கடப்படியில், வெள்ளைக் கொடி தொங்கியது. மழையில் நனைந்து கம்போடு ஒட்டிக்கிடந்தது. பக்கத்தில் வேறு வீடு இல்லை. நான் இறங்கி நடந்தேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் தாழ்வாரத்திலிருந்து எழுந்து கை காட்டி என்னை நிறுத்தினார். அவர் பேசிய தமிழில் மலையகத்தின் சாயல் இருந்தது.

"உள்ள வராதீங்கம்மா. இது எழவு வீடு. என் வீட்டுக்காரரு போயி இன்னும் கருமாதி கழியல."

நான் நடந்ததைச் சொன்னேன். காய்ந்த விறகு கொஞ்சம் வேண்டும் என்றேன். அவர் காரையும், அதன் பின்னால் ஆவி விட்டுக்கொண்டிருந்த பீப்பாயையும், கதவுப் பக்கம் தெரிந்த மகளின் காலையும் பார்த்தார்.

"வெறகு இல்லேங்கல. ஆனா, கருமாதிச் சோத்துக்குன்னு வச்சிருக்கது. புள்ளத்தாச்சிப் பொண்ணு போற வண்டியில இதப் போட்டா எரிப்பாங்க? வேணாம்மா. நாளைக்கி ஏதும் ஒண்ணுன்னா எம் மனசு தாங்காது."

நான் நிறையப் படித்தவள் என்று ஊரில் சொல்வார்கள். சகுனமும், துடக்கு என்னும் தீட்டும் பார்ப்பவளல்ல என்று நானும் நம்பியிருந்தேன். ஆனால் அந்தக் கணத்தில் என் கண் அந்த வெள்ளைக் கொடிக்குத்தான் போனது. எனக்குப் பின்னால் வந்து நின்ற கணவரும் எதையோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். அப்போது காருக்குள்ளிருந்து மகளின் குரல் கேட்டது.

"அக்கா, அதைத் தாங்கோ. எனக்குப் பிள்ளை வேணும்."

அந்தப் பெண் அதற்குப் பிறகு மறுக்கவில்லை. தாழ்வாரத்தின் உட்புறம் திரும்பி, "அண்ணே, கோடாலிய எடு!" என்றார். தகரத்தின் கீழே பாலை மரத்து விறகு அழகாக அடுக்கிக் கிடந்தது. மேல் வரிசையில் அவர் ஒருகணம் கை வைத்தார்.

"அவரு கடைசியா பொளந்து அடுக்குனது. நல்லா காஞ்சிருக்கு," என்றார். பிறகு அந்த வரிசையையே முதலில் இழுத்துப் போட்டார்.

அவருடைய தமையனார் வெட்ட, என் கணவர் கையளவுத் துண்டுகளாகப் பொறுக்க, அந்தப் பெண் தன் சேலை மடியில் அள்ளிக்கொண்டுவந்து பீப்பாய்க்குள் போட்டார். தமையனார் காற்றூதியை வாங்கிச் சுற்றியபடியே கேட்டார்.

"இதுல சோறும் ஆக்கலாமா ஐயா?"

"ஆக்கலாம். ஆனால் வெந்து முடிய ஆஸ்பத்திரி வந்திடும்."

துக்க வீட்டு வாசலில் நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். அந்தப் பெண்ணும் சிரித்தார். சிரித்ததற்காக வெட்கப்பட்டு வாயைப் பொத்திக்கொண்டார். எஞ்சின் மறுபடி உயிர் பெற்றது.

மரண வீட்டிலிருந்து புறப்படும்போது நாங்கள் 'போட்டு வாறம்', அதாவது போய்விட்டு வருகிறோம், என்று சொல்வதில்லை. 'வாறம்' என்றால் மறுபடியும் இப்படியொரு காரியத்துக்கு வருவோம் என்று ஆகிவிடும். தலையை மட்டும் அசைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் போய்விடவேண்டும். சிறு வயதிலிருந்தே எங்களுக்குப் பழக்கமான முறை இது. என் கணவருக்கு மட்டும் அன்றைய பரபரப்பில் அது மறந்துபோனது. காரில் ஏறிக்கொண்டே, கையை உயர்த்தி, "வாறம் தங்கச்சி!" என்றுவிட்டார்.

சொன்ன மறுகணமே அவர் முகம் செத்துப்போனது. நான் கண்களை மூடிக்கொண்டேன். தமையனார் காற்றூதியோடு அப்படியே நின்றார். அந்தப் பெண் காருக்குக் கிட்ட வந்து, கண்ணாடி வழியாக என் மகளைப் பார்த்தார்.

"வாங்க," என்றார். "புள்ளையோட வாங்க. நா இங்கதான் இருப்பேன்."

மிச்ச வழியை அந்தப் பாலை விறகு கடத்திக் கொடுத்தது. ஆஸ்பத்திரியில் பிள்ளையின் இதயத் துடிப்பு மிகவும் தளர்ந்திருந்தது. தொப்புள்கொடி கழுத்தில் சுற்றியிருக்கிறது என்று சொல்லி உடனே சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். மருமகன் வரிசையை விட்டுவிட்டு ஓடி வந்தார். என் கணவர் கரி படிந்த கைகளைக் கழுவாமலே வெளியே வாங்குப் பலகையில் இருந்தார். வெகுநேரத்துக்குப் பிறகு ஒரு தாதி வந்து, பெண்பிள்ளை, சிறியது, ஆனால் நன்றாக அழுகிறது என்றார். வைத்திய நிபுணர், "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால்" என்று தொடங்கி, வாக்கியத்தை முடிக்காமல் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

பிள்ளை பிறந்த துடக்குக் கழிந்ததும் பேத்தியைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனோம். வெள்ளைக் கொடி அகற்றப்பட்டிருந்தது. காரின் சத்தம் கேட்டு அவர் கடப்படிவரை ஓடிவந்தார். பிள்ளையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். கருமாதிச் சமையலுக்கு என்ன செய்தீர்கள் என்று நான்தான் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"காட்டுல பொறுக்குன ஈர வெறகுதாம்மா. ஒரே பொகை," என்றார். "அதுவும் ஒரு வகையில நல்லதுதான். கண்ணுல தண்ணி வந்தப்போ, பொகைன்னு சொல்லிக்கிட்டேன்."

அவர் பிள்ளையின் முதுகைத் தடவியபடியே இதைச் சொன்னார். மகள் அவருக்குப் பக்கத்தில் போய் நெருங்கி உட்கார்ந்துகொண்டாள். என் கணவர் கொண்டுவந்த காய்ந்த விறகை இறக்கித் தகரத்தின் கீழே அடுக்கத் தொடங்கினார். அடுக்கு கோணலாக இருக்கிறது என்று தமையனார் அவரைக் கேலி செய்தார்.

இப்போது பெற்றோல் கிடைக்கிறது. காருக்கு மறுபடியும் டிக்கி மூடி பூட்டியாகிவிட்டது. அந்தப் பெண்ணிடம் கையளவு விறகை மட்டுமே கேட்டோம் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். தன் கணவர் கடைசியாகச் செய்துவைத்த வேலையை அவர் ஒரு வரிசை ஒரு வரிசையாகக் கலைத்து, முன்பின் அறியாத ஒரு பிள்ளைக்கு மூச்சாக்கித் தந்தார் என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. பேத்தி ஓடிவந்து மூச்சிரைக்க என் மடியில் விழும்போதெல்லாம், அந்த மூச்சில் ஒரு பங்கு எங்களுடையதல்ல என்று நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.