எழுந்தால் பரீட்சை ரத்து

எங்கள் லயத்தில், தேயிலைத் தோட்டத்தின் அந்த ஒரே கூரை வரிசை வீடுகளில், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரை போகாது. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே போய் நின்றுவிடும். அதற்கு மேல் தகரம் வரைக்கும் எல்லாருக்கும் பொதுவான காற்றுதான். முதல் வீட்டில் யார் இருமினாலும் கடைசி வீட்டில் மருந்து சொல்வார்கள். இந்த இலட்சணத்தில் உள்ள வீட்டில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் ஒரு மனிதக் குரல்கூடக் கேட்கக் கூடாது என்று நிபந்தனை போடும் இணையப் பரீட்சைக்கு நான் பதிவு செய்திருந்தேன். வேறு வழி இருந்தால் செய்திருக்க மாட்டேன்.

நான் தரவுத்தள நிர்வாகி. கொழும்பில் உள்ள ஒரு நிறுவனத்தின் தகவல்கள் எல்லாம் சேர்ந்து கிடக்கும் கணினிகள் விழாமல், விழுந்தாலும் எதுவும் தொலையாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அதை ஸ்பிரிங்வெளிப் பக்கம் மலையில் இருக்கும் எங்கள் லயத்து வீட்டில் இருந்தபடியே பார்த்து வந்தேன். அப்பா நான் பள்ளிக்கூடம் போகும்போதே இறந்துவிட்டார். அம்மா கொழுந்து பறித்து என்னைப் படிக்க வைத்தாள். நான் கொழும்பில் இருந்தபோது ஒருநாள் அவள் பிரஷர் ஏறி மலையிலேயே மயங்கி விழுந்திருக்கிறாள். யாரோ கண்டு தூக்கி வந்தார்கள். அன்றைக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தவள்தான் நான், திரும்பிப் போகவில்லை.

நிறுவனமும் ஒன்றும் சொல்லவில்லை. திடீரென்று இந்த வருடம் புது மேலாளர் வந்தார். உயர்நிலைச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் எங்கிருந்தும் வேலை செய்யலாம், மற்றவர்கள் அடுத்த மாதத்திலிருந்து கொழும்பு அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும் என்று மின்னஞ்சல் அனுப்பினார். அந்தச் சான்றிதழ் கிடைத்தால் அம்மாவோடு இருக்கலாம். கிடைக்காவிட்டால் அவளை இங்கே தனியாக விட்டுவிட்டுப் போக வேண்டும். லயத்தை விட்டு வர மாட்டேன் என்று அவள் எப்போதோ சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

முதல் தடவை கொழும்புக்கே போய், ஒரு பரீட்சை நிலையத்தில் எழுதினேன். இராத்திரி பஸ்ஸில் தலை ஆடி ஆடிப் போய்ச் சேர்ந்து, கண்ணெல்லாம் மணலாக உட்கார்ந்து எழுதிக் கோட்டை விட்டேன். வழி முழுவதும் அம்மா தனியாக இருக்கிறாளே என்ற நினைப்பு வேறு. இரண்டாவது தடவை வீட்டிலிருந்தே எழுதுவது என்று முடிவெடுத்தேன். தோற்றால் அடுத்த தடவைக்கு முன் நிறுவனம் கொடுத்த கெடு முடிந்துவிடும்.

படிப்பு என்றால் வாசிப்பு மட்டும் இல்லை. பயிற்சிக்கென்று ஒரு தரவுத்தளத்தை அமைத்து, அதை நானே உடைப்பேன். ஒருநாள் ஒரு கோப்பை அழிப்பேன், இன்னொரு நாள் எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரத்தைப் பிடுங்குவேன். பிறகு அது உயிரோடு இருந்த கடைசி வினாடி வரைக்கும் ஒன்று விடாமல் மீட்டெடுக்க வேண்டும். எது எது எப்படியெல்லாம் கெட்டுப்போகலாம் என்று யோசித்துக்கொண்டே இருப்பதற்குத்தான் என் தொழிலில் சம்பளம். அந்தப் பழக்கம் கணினியோடு நிற்குமா? அம்மா குழாயடிக்குப் போய்க் கொஞ்சம் தாமதித்தால் அவள் வழுக்கி விழுந்து, மண்டை உடைந்து, வண்டி கிடைக்காமல் அல்லாடுவது வரைக்கும் என் மனது ஒரே மூச்சில் ஓடிவிடும். அதற்குள் அவள் குடத்தோடு வந்து நிற்பாள்.

அவள் உயிரோடு இருப்பதைத் தெரிந்துகொள்வது மட்டும் எனக்குச் சுலபம். அம்மாவுக்குக் காது மந்தம். தனக்குக் கேட்கவில்லை என்பதால் ஊருக்கும் கேட்காது என்று நினைத்துப் பேசுவாள். அவள் தேயிலைக்குள் நின்று பேசினால் எனக்கு வீட்டுக்குள் கேட்கும். சில சமயம் எரிச்சலாக வரும். கொழும்பு ஆட்களோடு நான் பேசிக்கொண்டிருக்கும்போது, “கருவாடு இருக்கு, ஆக்கவா?” என்று பின்னால் இருந்து குரல் வரும். அந்தப் பக்கம் எல்லாரும் சிரிப்பார்கள்.

இரண்டாவது பரீட்சையைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று நினைத்திருந்தேன். முதல் தடவை தோற்றதை லயம் முழுக்க விசாரித்து முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆனால் அம்மாவிடம் சொல்லாமல் முடியாது. காதுக்குள் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னேன். “என்னாது?” என்றாள். கடைசியில் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. “இந்தத் தடவ வீட்லயே எழுதுறேன்! சத்தம் கேட்டா ரத்துப் பண்ணிருவாங்க! நீ வீட்ல இருக்கக் கூடாது!” சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவிய சத்தம் சட்டென்று நின்றது. என் இரகசியத்தின் ஆயுள் அவ்வளவுதான்.

எங்கே போய் இருப்பாய் என்று கேட்டதற்கு, கீழே கோயிலில் போய் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னாள். ஹாலிஎலவில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போகச் சொன்னேன். “நீ இங்க பரீட்ச எழுதுவ, நான் ஊர் சுத்தப் போறதா?” என்று முடித்துவிட்டாள். கோயிலுக்குப் போகும் பாதை செங்குத்து. வெயிலில் இறங்கி ஏறினால் அவள் பிரஷருக்கு என்ன ஆகும் என்று அதற்கும் ஒரு பயத்தை ஆரம்பித்தேன்.

பரீட்சையை வேலை நாளில், காலை பத்து மணிக்கு வைத்துக்கொண்டேன். அந்த நேரம் பெரட்டில் பேர் கொடுத்து, வேலை பிரித்து முடிந்து எல்லாரும் மலைக்குப் போயிருப்பார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். மிஞ்சுவது வயதானவர்களும் கோழிகளும் பக்கத்து வீட்டு அக்காவின் டிவியும்தான். அதுவே எனக்கு மலைபோல இருந்தது. அந்த அக்கா கைப்பிள்ளைக்காரி, வேலைக்குப் போவதில்லை. அவளிடம் போய் டிவியை நிறுத்தச் சொல்ல நாக்கு வரை வந்தது. தோற்றுப்போனால் இவளிடமும் பதில் சொல்ல வேண்டுமே என்று விழுங்கிவிட்டேன்.

அன்று காலையில் இருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இணைப்புக்கு இரண்டு கம்பனி டொங்கிள் வைத்திருந்தேன். ஒன்றை ஜன்னல் கம்பியில் கட்டினேன். கரண்ட் போனால் தாக்குப்பிடிக்க பெட்டரி. எல்லாவற்றையும் சரிபார்த்து, மறுபடியும் சரிபார்த்தேன். அம்மா நெற்றியில் திருநீறு பூசிவிட்டுக் கிளம்பிப் போனாள். போகும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

மேற்பார்வையாளர் எந்த நாட்டில் இருந்தாரோ தெரியாது. திரையின் ஓரத்தில் எழுத்தாகத்தான் வந்தார். கமராவைத் தூக்கி அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார். காட்டினேன். சுவருக்கு மேலே இருந்த வெளியைப் பார்த்துவிட்டு, அது என்ன என்று கேட்டார். கூரை என்றேன். பிறகு விதிகளை அனுப்பினார். வேறு ஆள் வரக் கூடாது, பேச்சுக் குரல் கேட்கக் கூடாது, முடியும் வரைக்கும் இருக்கையை விட்டு எழக் கூடாது. எழுந்தால் பரீட்சை ரத்து.

முதல் கேள்விகள் நன்றாகவே போயின. நான் உடைத்து உடைத்துப் பழகியவைதான் வந்தன. எனக்கே ஆச்சரியமாக, ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனேன். பக்கத்து வீட்டு டிவி மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அதை மேற்பார்வையாளர் கண்டுகொள்ளவில்லை. இப்படியே போனால் தப்பித்துவிடலாம் என்று முதன்முறையாக நினைத்தேன்.

அப்போது டிவி நின்றது.

நல்லதுதானே என்று அடுத்த கேள்விக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் கடைசி வீட்டு ரேடியோவும் நின்றது. தினமும் அந்த நேரத்துக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டு ரொட்டி விற்க ஏறி வரும் பாண் ஆட்டோ கீழ் வளைவு வரைக்கும் பாட்டோடு வந்தது. அங்கே பாட்டு பாதியில் அறுந்தது. பிறகு ஒன்றும் இல்லை. நாயும் குரைக்கவில்லை.

எங்கள் லயத்தில் அப்படி ஓர் அமைதி ஒரே ஒரு காரணத்துக்குத்தான் வரும். சாவு விழுந்தால் முதலில் டிவியை நிறுத்துவார்கள். தப்பு மேளக்காரர்கள் வந்து அடிக்கத் தொடங்கும் வரைக்கும் யாரும் குரல் எழுப்ப மாட்டார்கள். அப்பாவைத் தூக்கி வந்த அன்று நான் உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வீடாக அடங்கி வந்தது. பிறகு காலடிச் சத்தம் வந்தது. யாரும் என்னிடம் எதையும் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

இப்போதும் காலடிச் சத்தம் கேட்டது. ஒருவர் இருவர் இல்லை, பலர். கீழ்ப் பாதையிலிருந்து மெதுவாக ஏறி வந்தார்கள். பேச்சே இல்லை. “மெதுவா, மெதுவா” என்று யாரோ கிசுகிசுத்தார்கள். இஸ்தோப்பில், லயத்தின் முன் திண்ணையில், எங்கள் வாசலுக்கு நேராக, காலடிகள் நின்றன. “பாவம் அந்தப் புள்ள” என்று இன்னொரு கிசுகிசுப்பு வந்தது.

அம்மாவின் குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். கோயிலில் இருந்தால்கூட அவள் குரல் இந்நேரம் ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

திரையில் இருந்த கேள்வியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒரு முதன்மைக் கணினி இருக்கிறது, அது விழுந்தால் அதன் வேலையை எடுத்துக்கொள்ள இன்னொன்று இருக்கிறது. ‘நான் இருக்கிறேன்’ என்று முதலாவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சொல் வருவது நின்றுவிட்டது. நீங்கள் முதலில் செய்ய வேண்டியது என்ன? இதற்கான பதிலைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சத்தம் வரவில்லை என்பதற்காகச் செத்துவிட்டதாக முடிவு கட்டிவிடக் கூடாது. வேறு வழியில் விசாரிக்க வேண்டும். சரியான விடைக்கு மேலேதான் அம்புக்குறி நின்றது. என் விரல்தான் அசையவில்லை.

என் அம்மாவைப் பார்த்துவிட்டு ஒரு நிமிடத்தில் வரலாமா என்று மேற்பார்வையாளருக்கு எழுதினேன். உங்கள் நிலைமை புரிகிறது, ஆனால் இருக்கையை விட்டு எழுந்தால் பரீட்சை ரத்தாகும், தொடர விரும்புகிறீர்களா என்று பதில் வந்தது. மரியாதையான மனிதர். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. அம்மாவோடு இருப்பதற்காகத்தானே இந்தப் பரீட்சை. அவளே இல்லை என்றால் இந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

எழுந்தேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கதவைத் திறந்தேன்.

இஸ்தோப்பு முழுக்க ஆட்கள். லயத்துக் கிழவர்கள், கிழவிகள், பக்கத்து வீட்டு அக்கா, அவள் இடுப்பில் குழந்தை. எல்லாரும் வரிசையாகக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு பாண் கையில். நடுவில் அம்மா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, மடியில் ஒரு பாணை வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கண்ணை அகல விரித்தாள். கோயிலுக்கே போகவில்லை. வீடு வீடாகப் போய்க் கையால் சைகை காட்டி அடக்கி, பாண் ஆட்டோவைக் கீழேயே நிறுத்தி, எல்லாரையும் இறங்கிப் போய் வாங்கி வர வைத்து, சத்தம் போடாமல் தன் கண்ணெதிரிலேயே உட்கார வைத்திருக்கிறாள். தன் வாய்தான் ஆபத்து என்று தெரிந்து அதையும் பொத்திக்கொண்டிருக்கிறாள்.

“முடிஞ்சிருச்சா?” என்று அக்கா மட்டும் மெல்லக் கேட்டாள்.

அம்மாவின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சூடாக இருந்தது. உடனே ஆத்திரம் வந்தது. என்னைக் கேட்காமலே ஏன் இதையெல்லாம் செய்தாய் என்று கத்தினேன். எழுந்து வந்ததால் எல்லாம் போச்சு என்றும் கத்தினேன். லயமே தலையைக் குனிந்துகொண்டது. அக்காவுக்கு முகம் செத்துப்போனது.

“எதுக்கு எந்திரிச்சு வந்த?” என்றாள் அம்மா, முந்தானையை எடுத்துவிட்டு, தன் வழக்கமான குரலில்.

“நீ செத்துப் போயிட்டன்னு நெனச்சேன்!”

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “செத்தா என்னா? உக்காந்து எழுதிட்டு வந்திருக்க வேண்டியதுதான. நான் எங்க எந்திரிச்சுப் போயிறப் போறேன்?”

ஒரு கிழவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். ரத்தாகிவிட்டதாகத் திரையில் இரண்டு வரி இருந்தது. மேற்பார்வையாளர் போய்விட்டார்.

அம்மா பின்னாலேயே வந்தாள். விழுந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அதில் அவளே உட்கார்ந்தாள். திரையை ஏதோ புரிகிற மாதிரிக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அப்ப கொழும்புக்குப் போகணுமா?”

தலையை ஆட்டினேன்.

“போ. அங்க இருந்தே எழுதிப் பாஸ் பண்ணு. அங்க நான் இருக்க மாட்டேன், சத்தமும் இருக்காது.”

அவள் அதை ஆறுதலாகத்தான் சொன்னாள். அவளுக்குப் பதில் சொல்வதென்றால் கத்த வேண்டும். கத்தினால் அழுதுவிடுவேன்.