அல்சர் என்று எழுதிய வீடுகள்

குளத்தூர்ப் பக்கம் செவந்திக்குக் கோபக்காரி என்றே பேர். ரேஷன் கடையில் எடை குறைந்தால் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள். சரியாகப் போடும்வரை எழுந்திருக்க மாட்டாள். யாருக்கும் பயப்படாத ஆள் வேண்டும் என்றுதான் டாக்டர் சிவரஞ்சனி அவளை வேலைக்கு எடுத்தார். செவந்திக்கு வயது நாற்பத்தாறு, படிப்பு பத்தாம் வகுப்பு. புருஷன் நாகராசு இறந்து இரண்டு வருஷம். ஒரே மகள் பிரகதீஸ்வரிக்கு அடுத்த ஊரில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள்.

ஊரை ஒட்டிக் கைவிடப்பட்ட கல்குவாரிப் பள்ளம் ஒன்று உண்டு. எங்கிருந்தோ வந்த லாரிகள் பத்து வருஷமாக அதில் கெமிக்கல் கழிவைக் கொட்டிவிட்டுப் போயின. போர் தண்ணீரில் வாடை வந்தது. கேட்கப் போனவர்களை ஆபீஸ் ஆபீஸாக அலையவிட்டு, ஆதாரம் கொண்டு வா என்றார்கள். அந்த ஆதாரத்தைத் தேடித்தான் சிவரஞ்சனியின் குழு வந்தது. வீடு வீடாக நர்ஸ் ரத்தம் எடுப்பார். செவந்தி கேள்விப் பாரத்தைக் கொடுத்து, வீட்டுக்காரர்களிடம் எழுதி வாங்குவாள்: குடித்தது எந்தத் தண்ணீர், எத்தனை வருஷம், வீட்டில் இறந்தவர்கள் என்ன நோயில் இறந்தார்கள்.

எட்டு மாதம் கழித்துச் சிவரஞ்சனி வாடிய முகத்தோடு வந்தார். விஷம் மரபணுவில் விட்டுப்போன தடம் இந்த ஊர் ரத்தத்தில் அப்பட்டமாகத் தெரிகிறது, பள்ளத்திலிருந்து தள்ளி இருக்கும் ஊர்களில் அது இல்லை, ஆனால் பாரத்தில் புற்றுநோய்ச் சாவு ஒன்றுகூட இல்லையே என்றார்.

"ரத்தம் ஒண்ணு சொல்லுது, பாரம் ஒண்ணு சொல்லுதுக்கா. ரெண்டும் சேந்தாத்தான் பள்ளத்தக் கை காட்ட முடியும். நோயே இல்லாத ஊருல என்ன வேலைன்னு ஆய்வுக்குப் பணம் குடுக்குற கமிட்டி கேக்குது. அடுத்த வாரம் மூட்டையக் கட்டச் சொல்லிருவாங்க."

செவந்திக்குக் கோபம் தலைக்கேறியது. பதினேழு வீட்டுப் பாரத்தில் சாவுக்குக் காரணம் அல்சர். திருச்சிக்குப் போய்க் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்து, மருந்து ஏற்றி, முடி கொட்டித் தலையில் துண்டு கட்டிக்கொண்டு திரும்பியவர்களுக்கெல்லாம் அல்சராம். காரணம் அவளுக்குத் தெரியாதா என்ன. வியாதியின் பேர் வெளியே வந்தால், அது வம்சத்தில் ஓடுகிறது என்று அந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள். கொட்டியவன் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறான், செத்தவன் குடும்பம் கூனிக்குறுகி ஒளிகிறது.

வீடு வீடாகப் போய்ச் சத்தம் போட்டாள். மூன்றாவது வீட்டு ராஜலட்சுமி குறுக்கே வந்து நின்றாள்.

"எங்களக் கேக்க வந்துட்ட. ஒன் வீட்டுப் பாரத்துல என்னடி எழுதிருக்க?"

நாகராசு இறந்தது ஈரல் புற்றுநோயில். மகளின் சம்பந்தம் முறிந்துவிடுமே என்று அல்சர் என்று எழுதியது அவள்தான். எப்படி நிரப்புவது என்று கேட்டவர்களுக்கெல்லாம் அந்தப் பாரத்தைத்தான் மாதிரியாகக் காட்டினாள். ஊர் மொத்தமும் அவளைப் பார்த்துப் பொய் எழுதியிருக்கிறது. இத்தனை நாள் அடுத்தவர்மேல் பாய்ந்த கோபம் இப்போது அவள்மேலேயே திரும்பியது.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னாள். பிரகதீஸ்வரி பாரத்தை வாங்கி வாசித்தாள். பிறகு, "மாத்தி எழுதும்மா. அப்பாவ ஏன் ஒளிக்கணும்," என்றாள்.

மறுநாள் காலை நூறு நாள் வேலைக்குக் கண்மாய்க்கரையில் பெண்கள் கூடியிருந்தார்கள். செவந்தி தன் பாரத்தை எடுத்து, அல்சரை அடித்துவிட்டு, எழுதியதை உரக்கப் படித்தாள். நாகராசு, ஐம்பத்திரண்டு வயது, ஈரல் புற்றுநோய், குடித்தது பள்ளத்தோரத்துப் போர் தண்ணீர். மத்தியானம் ராஜலட்சுமி வந்தாள், பெட்டிக்கடியில் கிடந்த ஆஸ்பத்திரி ஃபைலோடு. சாயங்காலத்துக்குள் பதினாலு வீட்டு ஃபைல் செவந்தியிடம் வந்து சேர்ந்தது.

மூன்றாம் நாள் மாப்பிள்ளையின் தாய் செல்வராணி வந்தாள். கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை. சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஆற்றாமையில் வெடித்தாள்.

"எங்க வீட்டுலயுந்தான் எங்க மாமனாரு, கொழுந்தன்னு ரெண்டு பேரு இப்புடிப் போனாங்க. நாங்க ஊரக் கூட்டிச் சொன்னமா மதினி?"

அவர்கள் ஊரும் பள்ளத்தை ஒட்டித்தான், அந்தப் பக்கம். செவந்தி எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் எழுதாத பாரம் இரண்டு இருந்தன.

"ஒக்காருங்க மதினி. ரெண்டு பேரும் எந்தத் தண்ணி குடிச்சாங்க, சொல்லுங்க."