பதினோராம் மாடி அறை

இரண்டாம் ஆண்டு தொடங்கியபோது எனக்குப் பல்கலைக்கழக விடுதியில் இடம் கிடைக்கவில்லை. நிபோங் திபால் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். பினாங்குத் தீவில் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் யாரும் இல்லை. பல்கலைக்கழகம் இருக்கும் கெலுகோரில் வாடகை அறைக்கு விளம்பரம் கண்ட இடத்துக்கெல்லாம் போன் செய்தேன். "இந்தியனா? சாரி லா, ரூம் போயிருச்சு" என்பார்கள். மறுநாளும் அதே விளம்பரம் இருக்கும். மற்ற அறைகளின் வாடகை அப்பாவின் சம்பளத்துக்கு எட்டாது.

அப்போதுதான் அந்த மலிவான அறை கண்ணில் பட்டது. போனை எடுத்தவர் தமிழில் பேசினார்.

"நம்ம வீடுதாம்மா. மூணு பொண்ணுங்க இருக்காங்க, எல்லாம் ஸ்டூடண்ட்ஸ். நாளைக்கு வந்து பாரு."

கூட வருவதாகச் சொன்ன தோழிக்கு மறுநாள் ஆய்வுக்கூட வகுப்பு முடியவில்லை. வேறொருத்தி அறையைப் பிடித்துவிடுவாளோ என்று நான் தனியாகவே போனேன்.

பழைய பிளாட், பதினோராம் மாடி. கதவைத் திறந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டிருந்தார். நான் உள்ளே நுழைந்ததும் இரும்புக் கேட்டைப் பூட்டி, சாவியைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இங்க திருட்டு ஜாஸ்திம்மா."

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் வாசலில் ஆண் செருப்பு மட்டுமே கிடந்தது.

"மத்தவங்க எங்கண்ணே?"

"வேலைக்குப் போயிருக்காங்க."

நேற்று மாணவிகள் என்றாரே! அறைக்குள் ஒரு மெத்தை கிடந்தது. ஜன்னல் திரையை ஆணி வைத்து அடித்திருந்தார்கள். கதவின் உட்பக்கம் கைப்பிடி இல்லை. அது இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது.

அவர் கதவை மறித்து நின்றார். "உட்காரும்மா, என்ன அவசரம்? இங்க வர்றது வீட்டுல யாருக்காச்சும் தெரியுமா?"

"அப்பா கீழ கார் பார்க்கிங் தேடிக்கிட்டு இருக்காரு." என் குரலே என்னைக் காட்டிக்கொடுத்தது.

அவர் சிரித்தார். "அப்ப வரட்டும்."

வெளி நடையில் யாரோ துணி உதறும் சத்தம் கேட்டது. அவரை இடித்துக்கொண்டு ஓடி கேட் கம்பியைப் பிடித்தேன். எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"காக்!" என்று மலாயில் அக்காவென அழைத்தேன். அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை. "இங்கே தண்ணீர் ஒழுங்காக வருமா?" என்று மலாயில் கேட்டேன்.

அந்த அக்கா என் முகத்தைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். வாளியை அப்படியே விட்டுவிட்டு வந்து கேட்டின் முன்னால் நின்றார்.

"புக்கா," என்றார். திற.

"சும்மா ரூம் பார்க்க வந்த பொண்ணுதான்," என்று வீட்டுக்காரர் மலாயில் குழைந்தார். அந்த அக்கா அதே குரலில் இன்னொரு முறை, "புக்கா" என்றார். சாவி வெளியே வந்தது.

லிஃப்டில் கீழே இறங்கும்வரை அக்கா தன் ஈரக்கையால் என் கையை விடாமல் பிடித்திருந்தார். அந்த வீட்டில் பெண்கள் யாரும் இருந்து தாம் பார்த்ததில்லை என்றார்.

அந்த மனிதர் என்ன நினைத்திருந்தாரோ, எனக்கு இன்றுவரை தெரியாது. அம்மாவிடம், "ரூம் சரியில்லம்மா" என்று மட்டும் சொன்னேன். நடந்ததைச் சொன்னால் அப்பா படிப்பை நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

பிறகு நானும் தோழியும் சேர்ந்தே தேடி, மாமாக் எனப்படும் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை ஒன்றின் மாடியில் அறை பிடித்தோம். கடைக்கார அக்கா கறாரானவர், ஆனால் நல்லவர்.

ஒரு மாதம் கழித்து அதே அறையின் படம், அதே ஆணியடித்த திரையுடன், வேறு போன் எண்ணோடு விளம்பரத்தில் வந்தது. மாணவர்களின் வாட்சாப் குழுவில் எல்லாவற்றையும் எழுதினேன். உடனே முதலாண்டு மாணவி ஒருத்தியிடமிருந்து பதில் வந்தது: "அக்கா, இன்னைக்கு நான் அங்கதான் போறேன்."

அவளுக்கு போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தாள்.

"எங்கம்மா இருக்க?"

"பஸ்லக்கா."

"அடுத்த ஸ்டாப்புல எறங்கிடு. நான் வர்றேன்."