நூற்றிருபது சுற்று

எனது ஒன்பதாம் வகுப்பு விஞ்ஞானக் கொப்பியில், "செவ்வாய்க்கிழமை. மின்காந்தம். சுற்றுகள்: 120" என்றிருக்கிறது. ஆண்டு எழுதவில்லை, யுத்த காலம். இன்று மின்விசிறி திருத்த வந்தவர் கம்பிச்சுருளைக் கழற்றியபோது எழுந்த வார்னிஷ் வாசனைதான் அந்தக் கொப்பியைத் தேட வைத்தது.

அப்போது கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை வீட்டில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சித்தப்பா வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தார். பொலிஸுக்குக் கொடுத்த, வீட்டில் இருப்போர் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. நாலங்குல ஆணியில் செப்புக் கம்பியை இடைவெளியின்றிச் சுற்றித் தந்தார்.

"பற்றரியைக் குடுத்தா இது காந்தம், பிள்ளை. எடுத்தா என்னைப் போல சும்மா ஆணி."

வகுப்பில் ரீச்சர், "நீயே செய்தனியா?" என்று கேட்டபோது ஓம் என்றேன்.

மறுநாள் காலை வீட்டைச் சோதனையிட்ட ஆமிக்காரர் அதை என் மேசையில் கண்டார்கள். பற்றரியும் கம்பியும் சேர்ந்திருந்தாலே குண்டு என்று நினைத்த நாட்கள். பள்ளிக்கூட வேலைதான் என்று காட்ட, நான் பற்றரியை இணைத்தேன். மேசையில் கிடந்த குண்டூசிகள் தாவி ஒட்டின. இரண்டு சிப்பாய்கள் பின்னால் பாய்ந்தார்கள். அதிகாரி மட்டும் சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா சுத்தியிருக்கு. யாரு சுத்தினது, மகள்?"

ரீச்சரிடம் சொன்ன பொய் உறுத்திக்கொண்டிருந்தது. "சித்தப்பா," என்றேன்.

அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தார். சித்தப்பா சேட்டு மாற்றி வரக் கேட்டார், விடவில்லை. சுருளையும் அவரையும் ஜீப்பில் ஏற்றினார்கள். இரண்டும் திரும்பி வரவில்லை.

நூற்றிருபது என்பது அவர் சொன்ன கணக்கு. நான் எண்ணிப் பார்க்கவில்லை.