மூன்று விசிறி ரேடியேட்டர்

கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிற என் கணினி அனலாய்க் கொதித்தது. சூட்டை இழுக்க அதற்குள் ஓடுகிற தண்ணீரை ஆறவைக்க இரண்டு விசிறி ரேடியேட்டர் காணாது, மூன்று விசிறி வைத்ததுதான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றேன்.

"இதென்ன, லொறிக்கோ வாங்கிறியள்?" என்று மனைவி சிரித்தாள்.

வாங்கியது கணினிப் பெட்டிக்குள் அடங்கவில்லை. மேசையில், வெளியே பொருத்தினேன். கணினி ஆறியது.

பிறகு மாரிமழை பிடித்தது. ஒருநாள் கணினியை ஓடவிட்டு மன்னார் டவுனுக்குப் போய்வந்தால், அறை முழுக்கக் கருவாட்டு மணம். வெயிலில்லாமல் காயாத கட்டா மீன் துண்டுகளை ரேடியேட்டருக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தாள். கத்த வாயெடுத்தேன்.

அவள் சூட்டுக் காற்றில் கையைப் பிடித்தபடி கேட்டாள்: "இஞ்சாருங்கோ, நாலு விசிறி வைச்சது இல்லையோ?"